சாயக்காரர் மகளின் தெரு

இத்தாலியின் சியெனாவில் இருந்த மூன்று நாளில் பேராலயத்துக்கு ஒரு முறைதான் போனேன். புனித கத்தரீன் பிறந்த ஃபோன்டேபிராண்டாவுக்கு ஐந்து முறை இறங்கி ஏறினேன். இறங்கும்போது தெருவே நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கித்தான் ஆகவேண்டும். அப்படி நின்ற இடங்களில்தான் நிறையப் பார்த்தேன்.

ஃபிளாரன்ஸிலிருந்து பேருந்தில் வந்தால், இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சான் டொமெனிகோ தேவாலயம். மலை முகட்டில் செங்கல்லால் எழுப்பிய கோட்டை மாதிரி நிற்கிறது. அதன் காலடியில் உள்ள பள்ளம்தான் ஃபோன்டேபிராண்டா. சரிவில் நாலு எட்டு வைத்ததுமே ஒரு வீட்டுச் சுவரில் சின்னப் பீங்கான் பலகை கண்ணில் பட்டது. அதில் தலையில் கிரீடமும் கழுத்தில் நீல நாடாவுமாக ஒரு வெள்ளை வாத்து. அந்த நாடாவில் சவோய் அரச குடும்பத்தின் சிலுவை. அந்த மூலையிலிருந்து ‘ஓக்கா’ பேட்டை தொடங்குகிறது என்று பொருள். இத்தாலிய மொழியில் ஓக்கா என்றால் பெருவாத்து.

பழைய சியெனா நகரம் மொத்தமும் இப்படிப் பதினேழு பேட்டைகள். ஒவ்வொன்றையும் கொன்ட்ராடா என்கிறார்கள். எந்தத் தெரு யாருக்கு என்ற எல்லைத் தகராறுக்கு 1729-ல் முடிவு கட்டினார் அப்போதைய ஆளுநர், பவேரிய இளவரசி வியோலாந்தே பியாட்ரீஸ். அவர் வரைந்த கோடு இன்றைக்கும் அப்படியே செல்லுபடியாகிறது. ஆமை, நத்தை, முள்ளம்பன்றி என்று ஒவ்வொரு பேட்டைக்கும் ஓர் அடையாளம். சொந்தமாகக் கொடி, தேவாலயம், அருங்காட்சியகம், நீரூற்று. சியெனாக்காரரிடம் எந்த ஊர் என்று கேட்பதைவிட எந்தக் கொன்ட்ராடா என்று கேட்பதுதான் சரியான கேள்வி. ஓக்காவின் நிறம் பச்சையும் வெள்ளையும், நடுவே சிவப்புக் கோடுகள். அக்கம்பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே அந்த மூன்று நிறக் கழுத்துத் துண்டு ஒன்று தொங்கியது. குழந்தையினுடையது போல, என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும்.

சரிவின் அடியில் அந்த நீர்மண்டபம். ஃபோன்டேபிராண்டா என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1081-லேயே ஆவணத்தில் வரும் ஊற்று. இப்போது நிற்கும் கட்டடம் 1246-ல் எழுந்தது. கூர்முனை வைத்த மூன்று பெரிய வளைவுகள், மேலே கோட்டைச் சுவர் போன்ற பல்வரிசை, முகப்பில் கல்லால் செய்த சிங்கத் தலைகள். உள்ளே எட்டிப் பார்த்தால் பச்சையும் கறுப்புமான தண்ணீர். அது அசையாமல் கிடக்கிறதே என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தபோது ஒரு மீன் திரும்பியது. உடனே மேற்கூரை வளைவில் வெளிச்சம் அலை அலையாக ஓடியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சியெனா குன்றின்மேல் இருக்கும் ஊர். பக்கத்தில் ஆறு கிடையாது. அதனால் பாறையைக் குடைந்து, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடிக் கால்வாய் வெட்டித் தண்ணீரை ஊற்றுகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்பதால் தொட்டிகளை வரிசையாக வைத்தார்கள். முதல் தொட்டி குடிக்க. அதில் வழிந்தது கால்நடைக்கு. அதிலும் வழிந்தது துணி துவைக்கவும் தொழிலுக்கும். தோல் பதனிடுகிறவர்களும் கம்பளிக்குச் சாயம் ஏற்றுகிறவர்களும் இந்தப் பள்ளத்தில் குடியேறியது தண்ணீருக்காகத்தான். மேலே வங்கிக்காரர்களின் மாளிகைகள், கீழே சாயப்பட்டறைகள். புனித கத்தரீன் அந்தக் கீழ்ப்பக்கத்தில் பிறந்தவர்.

அப்பா ஜாக்கொப்போ பெனின்காசா சாயப்பட்டறை நடத்தினார். 1347-ல் பிறந்த கத்தரீன் அவருடைய இருபத்துநாலாவது பிள்ளை என்பது வழக்கு. மறு வருஷமே கொள்ளைநோய் வந்து ஊரைப் பாதியாக்கியது. பள்ளிக்கூடம் போகாத அந்தப் பெண் பிற்பாடு சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிய கடிதங்களில் சுமார் 380 இன்றும் இருக்கின்றன. அரசர்களுக்கு, படைத்தலைவர்களுக்கு, திருத்தந்தைக்கு. அவிஞ்ஞோனில் இருந்த திருத்தந்தை பதினொன்றாம் கிரகோரியை ரோமுக்குத் திரும்பச் சொல்லி நேரிலேயே போய் வற்புறுத்தினார். 1377-ல் அவரும் திரும்பினார். இதையெல்லாம் முன்பே படித்திருந்தேன். ஆனால் இந்தச் சரிவில் நின்றபோதுதான் அதன் கனம் புரிந்தது. படிகாரமும் ஈரக் கம்பளியும் நாறிய தெருவிலிருந்து, எழுதத் தெரியாத ஒரு பெண்ணின் குரல் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

அவர் பிறந்த வீடு இப்போது திருத்தலம். அடுப்படி இருந்த இடம் ஓவியங்களும் பொன்பூச்சும் நிறைந்த சிற்றாலயமாகிவிட்டது. அழகுதான், ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை. கம்பிக்குப் பின்னால் அவர் படுத்திருந்த குறுகலான அறையும், தலைக்கு வைத்துக்கொண்டதாகச் சொல்லும் கல்லும்தான் மனதில் நின்றன. எதிரே உள்ள கோயிலில் ஒரு பழைய வண்ணச் சிலுவை. 1375-ல் பிசா நகரில் இதன் முன்னால் வேண்டிக்கொண்டிருந்தபோதுதான் இயேசுவின் ஐந்து காயங்களைத் தம் உடலில் வரமாகப் பெற்றார் என்பது நம்பிக்கை. பிறகு சியெனாக்காரர்கள் அந்தச் சிலுவையைத் தங்கள் ஊருக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

அப்பாவின் பட்டறை இருந்த இடத்தில் நிற்பது ஓக்காவின் சொந்தத் தேவாலயம். முதல் நான்கு முறையும் கதவு பூட்டியே இருந்தது. ஐந்தாவது முறை ஒரு பெரியவர் சாவியோடு வந்தார். எனக்குத் தெரிந்த கொஞ்சம் இத்தாலிய மொழியில் கேட்டேன். “வாங்க, வாங்க” என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். பீடத்தில் சிற்பி நெரோச்சோ 1474-ல் செதுக்கிய கத்தரீனின் மரச்சிலை: வெள்ளை அங்கி, கறுப்புப் போர்வை, மெலிந்த முகம். அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 1461-ல். பதின்மூன்றே ஆண்டில் அவர் பிறந்த தெரு அவரைப் பீடத்தில் ஏற்றிவிட்டது. பெரியவர் ‘புனித’ என்ற சொல்லைச் சேர்க்கவே இல்லை. “கத்தரீனா” என்று மட்டும், அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு தரையைக் காட்டி, “குதிரை இங்கேதான் நிற்கும்” என்றார். ஜூலை 2-லும் ஆகஸ்ட் 16-லும் நடக்கும் பாலியோ குதிரைப் பந்தயத்தைத்தான் சொல்கிறார். இடம் போதாததால் ஒரு பந்தயத்தில் பத்துப் பேட்டைகள்தான் ஓட முடியும். சேணம் இல்லாமல் மைதானத்தை மூன்று சுற்று. அன்று மத்தியானம் குதிரையை அந்தந்தப் பேட்டையின் கோயிலுக்குள் கொண்டுவந்து குருவானவர் ஆசீர்வதிப்பார். முடிவில், “போ, வென்று திரும்பி வா!” என்று உரக்கச் சொல்வார். அதுவரை கோயிலில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காதாம்; குதிரை மிரண்டுவிடக் கூடாதல்லவா. உள்ளேயே அது சாணம் போட்டுவிட்டால் நல்ல சகுனம். பந்தயங்களில் அதிகம் வென்ற பேட்டை ஓக்காதான். அதைச் சொல்லும்போது பெரியவரின் முதுகு நிமிர்ந்தது. பரம எதிரியான ‘டோர்ரே’ பேட்டையின் பெயரை மட்டும் அவர் கடைசிவரை உச்சரிக்கவில்லை.

கடைசி நாள் சான் டொமெனிகோவுக்கு ஏறினேன். 1380-ல், 33 வயதில், கத்தரீன் ரோமில் இறந்தார். உடல் அங்கே மினெர்வா கோயிலில் இருக்கிறது. தலை இங்கே, பளிங்குப் பேழையில். ரோமிலிருந்து தலையை ஒரு பையில் மறைத்துக் கொண்டுவந்தபோது, காவலர்கள் பையைத் திறந்தால் ரோஜா இதழ்களாகத் தெரிந்தது என்று ஒரு கதை உண்டு. என்னால் அந்தப் பேழையை நீண்ட நேரம் பார்க்க முடியவில்லை. சுற்றிலும் சோடோமா 1526-ல் வரைந்த பெரிய சுவரோவியங்கள். நான் போய் நின்றது வாசலுக்கு அருகே உள்ள மேடைச் சிற்றறையில். அங்கே கத்தரீனின் சுவரோவியம் ஒன்று: கையில் லில்லிப் பூத்தண்டு, காலடியில் மண்டியிட்ட ஒரு பெண். வரைந்தவர் ஆந்திரேயா வான்னி. கத்தரீனை நேரில் அறிந்தவர். அவரிடமிருந்து கடிதம் பெற்றவர். மற்ற ஓவியர்கள் கற்பனையில் கண்டதை இவர் கண்ணால் கண்டிருக்கிறார். ஒடுங்கிய கன்னம், நீண்ட மூக்கு, கீழே பார்க்கும் கண்கள். பெரிய அழகி என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் அரை மணி நேரம் நின்றேன்.

வெளியே வந்தபோது பள்ளத்திலிருந்து மேளச் சத்தம் கேட்டது. சுவரோரம் போய் எட்டிப் பார்த்தேன். ஓக்கா தெருவில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் இரண்டு பேர் கொடி வீசப் பழகிக்கொண்டிருந்தார்கள். சின்னவன் மேலே எறிந்த கொடி வாத்தோடு சேர்ந்து ஒரு தரம் விரிந்து, கைக்கு எட்டாமல் கீழே விழுந்தது. மேளம் நின்றது. அவன் கொடியை எடுத்துத் தூசி தட்டிச் சுருட்டிக்கொண்டதும் மறுபடி தொடங்கியது.