வீட்டோடு வந்த சிம்னியும் வேண்டாமென்று விட்ட ஃபிரிட்ஜும்

2024ஆம் ஆண்டு குரோம்பேட்டையில் இரண்டு படுக்கையறை கொண்ட, ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த ரீசேல் ஃபிளாட் ஒன்றை வாங்கினோம். விலை பேசி முடித்து முன்பணம் கொடுக்கப் போன அன்று, வீட்டுக்காரர் காபி டம்ளரோடு ஒரு தாளையும் நீட்டினார். மகனோடு இருக்கப் பெங்களூருக்குப் போகும் அவர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ., சமையல் மேடைக்குள் பதிக்கும் ஹாப் அடுப்பு, சமையல் புகையை வெளியே இழுத்துத் தள்ளும் சிம்னி ஆகிய ஆறையும் விட்டுச் செல்வதாகவும், எல்லாவற்றுக்கும் சேர்த்து 70,000 ரூபாய் கொடுத்தால் போதும் என்றும் எழுதியிருந்தார். "புதுசா வாங்கினா ரெண்டு லட்சம் ஆயிடும் தம்பி" என்றார். பத்திரச் செலவுக்குப் பிறகு கையில் என்ன மிஞ்சும் என்ற கவலையில் இருந்த என் மனைவிக்கு அது நியாயமாகவே பட்டது. எனக்கு மொத்தமாக ஒரு விலை என்பதுதான் உறுத்தியது. ஆறு பொருளுக்கும் தனித்தனியே விலை எழுதித் தரும்படியும், அவர்கள் அங்கே சமைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் வந்து பார்க்க அனுமதிக்கும்படியும் கேட்டேன். வீடு காலியாகி, அணைத்துத் துடைத்து வைக்கப்பட்ட ஃபிரிட்ஜைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

ஃபிரிட்ஜின் வெளித்தோற்றம் பளிச்சென்று இருந்தது. கதவிலிருந்த நட்சத்திர லேபிள் உரிந்துபோயிருந்தாலும், உள்ளே காய்கறித் தட்டின் பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டில் தயாரிப்பு ஆண்டு 2011 என்று தெளிவாகத் தெரிந்தது. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். மேல்பக்கம் ரப்பர் இறுகப் பிடித்தது. கீழ்க்கீல் அருகே நோட்டு தானாக நழுவி வந்தது. ஒரு கருவி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்டும் பிளக் மீட்டரை நண்பரிடம் இரவல் வாங்கி மாட்டிவிட்டு மறுநாள் போய்ப் பார்த்தபோது, 24 மணி நேரத்தில் 1.6 யூனிட் ஓடியிருந்தது. இரண்டு மாத பில்லுக்கு அது 96 யூனிட். நாங்கள் கடையில் பார்த்து வைத்திருந்த அதே அளவுள்ள புதிய ஃபிரிட்ஜின் லேபிளில் ஆண்டுக்கு 222 யூனிட் என்றிருந்தது, அதாவது இரண்டு மாதத்துக்கு 37. இந்த 59 யூனிட் வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அப்போது தமிழ்நாட்டில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்லாமல் கீழே உள்ள படிநிலைகளில் ஒன்றுக்கும் கட்டணம் ஏறிவிடும் என்பதால், கோடையில் 450 யூனிட்டுக்கு மேல் போகும் எங்கள் வீட்டுக்கு அந்த ஃபிரிட்ஜ் இலவசமாகக் கிடைத்தாலும் நட்டம்தான்.

மைக்ரோவேவில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து இரண்டு நிமிடம் ஓட்டியதில் அது வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. ஆர்.ஓ.வின் மெம்பிரேன், அதாவது தண்ணீரை வடிகட்டும் சவ்வு, ஆயுள் முடிந்துவிட்டதென்று சர்வீஸ்காரர் சொன்னார். வாஷிங் மெஷின் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. போகிற போக்கில், இரண்டு சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் "சும்மாவே வச்சுக்கோங்க" என்று வீட்டுக்கார அம்மா அன்போடு சொன்னார். அவை எரிவாயு நிறுவனத்தின் உடைமை, இணைப்பை ஒப்படைத்து வைப்புத்தொகையைத் திரும்பப் பெற அவர்களுக்கே அவை தேவைப்படும் என்று சொல்லி மறுத்தேன்.

ஹாப் அடுப்பின் கணக்கு வேறு. கிரானைட் மேடையை அந்த அடுப்பின் அளவுக்குத்தான் வெட்டியிருந்தார்கள். அதைக் கழற்றிவிட்டு வேறு மாடலை வைத்தால், ஒன்று ஓரத்தில் இடைவெளி விழும், அல்லது கல்லை மறுபடி வெட்ட வேண்டிவரும்; வெட்டும்போது பழைய கல் விரிசல் விட்டால் மேடையையே மாற்ற வேண்டும். ஆகவே அது எங்களுக்கு மதிப்புள்ள பொருள். அவருக்கோ, பெங்களூருக்குக் கொண்டுபோனாலும் அந்த அளவுக்கு வெட்டிய மேடை அங்கே இருக்காது. சிம்னியும் அப்படித்தான், சுவரில் துளையும் குழாயும் ஏற்கெனவே இருந்தன. ஆனால் முழு வேகத்தில் வைத்து ஒரு செய்தித்தாள் துண்டை ஃபில்டரின் அடியில் பிடித்தபோது, ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் விழுந்துவிட்டது. மோட்டார் சத்தம் மட்டும் பலமாக இருந்தது. அந்தத் தாளைக் காட்டித்தான், இரண்டுக்குமாக அவர் கேட்ட 20,000 ரூபாயை 11,000 ஆக்கினேன்.

தரகர் ஒரு யோசனை சொன்னார்: இந்தத் தொகையையும் கிரயத் தொகையிலேயே சேர்த்துவிட்டால் வேலை ஒரே தடவையில் முடியும் என்று. முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று அப்போது இருந்ததால், அடுப்புக்கும் சிம்னிக்கும் சேர்த்து 9 சதவீதம் கட்ட எனக்கு விருப்பமில்லை. அதற்காக வீட்டு விலையில் ஒரு பகுதியைப் பொருள்களின் தலையில் ஏற்றிக் காட்டும் தந்திரத்துக்கும் நான் போகவில்லை. 11,000 ரூபாயை அவருடைய வங்கிக் கணக்குக்குத் தனியாக அனுப்பி, ரசீது வாங்கிக்கொண்டேன். அந்த ரசீதில் மாடல் பெயர், சீரியல் எண் ஆகியவற்றோடு, "நான்கு பர்னர், நான்கு வார்ப்பிரும்புத் தாங்கி, இரண்டு ஃபில்டர், ஒரு எண்ணெய்க் கிண்ணம்" என்று உதிரிகளையும் எழுதச் சொன்னபோது அவர் சிரித்தார்.

சாவி வாங்கிய அன்று, அடுப்பில் பாத்திரம் வைக்கும் தாங்கிகள் மூன்றுதான் இருந்தன. ரசீதைப் பார்த்ததும் அவரே பதறிவிட்டார். பெங்களூர் போய்ப் பெட்டிகளைப் பிரித்தபோது, இட்லிப் பானைக்குள் நான்காவது அகப்பட்டதாகச் சொல்லி, அடுத்த வாரம் கூரியரில் அனுப்பிவைத்தார். உதிரியாக வாங்கப் போனால், அந்த மாடல் நின்றுபோனதால் கிடைக்காது என்று கடையில் சொல்லியிருந்தார்கள்.

குடிபோவதற்கு முன் சிம்னியைச் சுத்தம் செய்ய ஒருவரை வரவழைத்தேன். மோட்டாரை மாற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணி 5,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தேன். அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. பால்கனிப் பக்கம் போய், குழாயின் வெளி முனைக்குள் கையை விட்டு, சுள்ளி, துடைப்பக்குச்சி, கட்டுக்கம்பி என்று ஒரு முழம் நீளத்துக்கு இழுத்துப் போட்டார். பழைய புறாக்கூடு, நல்லவேளையாக முட்டை எதுவும் இல்லை. பிறகு சிம்னியைப் போட்டபோது செய்தித்தாள் மட்டுமல்ல, மேடையில் கிடந்த ஒரு துணியும் எழும்பப் பார்த்தது. குழாயின் வெளி முனைக்குப் போட்ட வலை மூடிக்கு 350 ரூபாயும் கூலிக்கு 800 ரூபாயும் ஆயின.

அந்தத் தாளைக் காட்டி விலையைக் குறைத்தவன் நான் என்பதால் எனக்குக் கூச்சமாகவே இருந்தது. தாங்கி வந்து சேர்ந்ததைச் சொல்லப் பேசியபோது இதையும் சொல்லிவிட்டேன். ஒரு கணம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, "ரெண்டு வருஷமா வேற வேற ஆளைக் கூப்பிட்டு சர்வீஸ் பண்ணேன் தம்பி, ஒருத்தன்கூட வெளியில எட்டிப் பாக்கல" என்றார்.