வெயில் இல்லாத ஆனி

ஜூன் 17
ஹட்டனில் மழை. வேறொன்றும் இல்லை.

ஜூன் 18
மழையென்றால் என்ன, சயனோடைப் என்கிற நீலப் புகைப்படத்துக்குக் கெமிக்கலையாவது கரைத்து வைப்போம் என்றார் இவர். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம் ஒரு போத்தலில், பொட்டாசியம் ஃபெரிசயனைட் 10 கிராம் இன்னொன்றில், ஒவ்வொன்றுக்கும் 100 மில்லி தண்ணீர். தராசைத் தொடவே விடாதவர், இன்று நம்பரை என்னிடம் வாசிக்கச் சொன்னார்.

ஜூன் 20
இவருடைய கண் ஒப்பரேஷனுக்கான கடிதம் வரவில்லை.

ஜூன் 22
வெயில்! இரண்டு போத்தலிலும் சமமாக எடுத்துக் கலந்து தாளில் பூசி வைத்திருந்தேன். அதன்மேல் பன்னத்தை (ஃபெர்ன் இலை) விரித்துக் கண்ணாடியால் அமுக்கி வாசலில் வைத்தோம். உடனே மூடுபனி. "பொறு புள்ள, மேகத்துக்குள்ளாலயும் கழியூதாக் கதிர் வரும்." வந்தது. கழுவக் கழுவ மஞ்சள் ஓடி, அப்படியொரு நீலம். இவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சாம்பலா இருக்கே, எக்ஸ்போஷர் காணாது" என்றார்.

ராத்திரி தேடி வாசித்தேன். கண்புரை முற்றும்போது வில்லை பழுப்பேறி நீல ஒளியைத் தடுக்குமாம். அப்படியென்றால் எவ்வளவு காலமாக? தீபாவளிக்கு நான் கட்டிய நீலச் சேலையைக் கறுப்பு என்றாரே, அப்போதேயா? நான் கேலி என்றல்லவா நினைத்தேன். சுவருக்கு அடித்த பெயின்ட், போன வருஷம் நான் வரைந்த மஸ்கெலியா குளம், எல்லாவற்றையும் எப்படித்தான் பார்த்தார்? "நல்லாருக்கு" என்று வேறு சொன்னாரே.

ஜூன் 23
அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 26
நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை. சென்மேரிஸ் கோவில் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன். 1875இல் இலங்கை வந்து, 1879இல் டிக்கோயா பக்கத்துத் தோட்டமொன்றில் இறந்த புகைப்படக்காரி. நம் சயனோடைப்பை 1842இல் கண்டுபிடித்த ஜோன் ஹெர்ஷல் அவளுடைய சினேகிதர். 1867இல் அவரைப் படமும் எடுத்திருக்கிறாள். சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி இவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கோ அவள் இங்கே படமெடுத்த தோட்டத்து ஆட்கள் ஞாபகம். முகம் இருக்கிறது, பெயர் இல்லை.

திரும்பும்போது பஸ் போர்டை நான்தான் வாசித்தேன்.

ஜூன் 29
கடிதம்! வலது கண் முதலில். ஜூலை 8.

ஜூலை 2
நீலம் வேண்டாம், கறுப்பாக்குவோம் என்கிறார். சலவைச் சோடாத் தண்ணீரில் போட்டால் நீலம் வெளிறும், அப்புறம் கடும் பிளேன்டீயில் ஊறவைத்தால் தேயிலையின் டனின் இரும்போடு சேர்ந்து கறுக்கும். ஏன் கேட்கிறார் என்று புரிந்தது. கறுப்பென்றால் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே. சரி என்றேன். ஆனால் அந்த முதல் பன்னத்தை மட்டும் கொடுக்கவில்லை, ஒளித்துவிட்டேன்.

ஜூலை 7
தூக்கமில்லை.

ஜூலை 9
கட்டு அவிழ்த்தார்கள். வேனில் வரும் வழியெல்லாம் ஒரு கண்ணை மூடுகிறார், மற்றதைத் திறக்கிறார், சிரிக்கிறார். வீட்டுக்கு வந்ததும் பன்னப் படத்தைக் கொடுத்தேன். கனநேரம் பார்த்தார். "எக்ஸ்போஷர் கூடிப்போச்சே!"

மனுஷனை என்ன செய்வது.

ஜூலை 11
இடது கண்ணுக்கு இன்னும் திகதி தரவில்லை. சிட்ரேட் முடிகிறது, கொழும்பில் சொல்லிவைக்க வேண்டும். கழுவும் தண்ணீரில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெரொக்சைட் விட்டால் நீலம் உடனே ஏறுமாம், நாளைக்கே பார்க்கணுமாம். குனியக் கூடாது என்றிருக்கிறார்கள், கழுவுவது நான்தான். சொட்டு மருந்துக்கு நேரமாச்சு