மச்சானின் படகும் ஆடிக்காற்றும்

மச்சான் படகு வாங்கினார். இரண்டு பேர் உட்காரும் ஊதும் படகு. மடித்தால் ஒரு டிராவல் பேக்கில் அடங்கிவிடும், எடை 15 கிலோ. கூடவே அலுமினியத் துடுப்பு, காலால் மிதிக்கும் பம்ப், ஆரஞ்சு கலரில் லைஃப் ஜாக்கெட்டுகள். எல்லாம் சரி, குடியிருப்பது மதுரையில். கடலைப் பார்க்க வேண்டுமென்றாலே நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியை விரட்ட வேண்டும்.

"வைகையில விடுங்க மச்சான்" என்றேன்.

"மொதல்ல தண்ணி வரட்டும் மாப்ள."

அக்கா தெப்பக்குளத்தைச் சொன்னாள். அதை அவர் மானப்பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கிற மாநிலத்தில், தனக்கு ஒரு படகு விட இடமில்லையா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடத்தான் எங்கள் வீட்டு சாப்பாட்டு மேஜையில் சில ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின.

முதலில் மெரினா. திருவல்லிக்கேணியில் அவருடைய அண்ணன் வீடு இருக்கிறது, படகை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. அந்தக் கரையில் அலை வந்து உடைகிற உடையில், துறைமுகம் கட்டும்வரை வெள்ளைக்காரன் கப்பலே கிட்டே வர முடியாமல் வெளியில் நங்கூரம் போட்டு நின்றது என்று சொன்னேன். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தார்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் மோதினால் பிளந்துவிடும், தைத்தது நெளிந்து கொடுக்கும். "நம்மளதும் நெளியும்ல, ரப்பர்தானே" என்றார் மச்சான். நெளிந்து, கவிழ்ந்து, உங்களைக் கீழே வைத்து மேலே உட்காரும் என்று அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

அடுத்தது கன்னியாகுமரி. அங்கே ஒரு சங்கடம், காற்றே இல்லாத நாளில்கூட கடல் பொங்கும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலின் அடிவாரத்தில் வீசிய புயல், சில நாள் கழித்து நம் கரையில் வந்து கதவைத் தட்டும். கள்ளக்கடல் என்பார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதற்கென்றே எச்சரிக்கை விடுகிறது, பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பேரிலேயே கள்ளன் இருக்கிற கடலில் புதுப்படகா என்று அதையும் அக்காவே தள்ளிவிட்டாள்.

தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகள் மச்சானை ரொம்பவே இழுத்தன. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள்; 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைத்தால் படகோடு அள்ளிக்கொண்டு போவார்கள். சுற்றிலும் பவளப்பாறை வேறு, அடியில் உரசினால் நம் ரப்பர் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தனுஷ்கோடியை அவரே கைவிட்டார். அரிச்சல்முனையில் நின்று இரண்டு நீரோட்டமும் மோதிக்கொள்வதைப் பார்த்த எவரும் அங்கே படகு விடலாமா என்று கேட்க மாட்டார்கள். பாம்பன் பாலத்தடி என்று அவர் ஆரம்பித்தபோது நான் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஒடுங்கிய வாய்க்கால் அது. ஒரு கடலின் தண்ணீர் இன்னொரு கடலுக்குப் பாய்ந்து போகிற வழி.

கடைசியில் மச்சானுக்கு ஞானம் எங்கிருந்தோ வந்தது. ராமேஸ்வரத்துக்காரர்கள் வடக்கே இருக்கும் பாக் விரிகுடாப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வடக்கே அலை குறைவு, ஆழமும் குறைவு, சராசரியாக 9 மீட்டர்தான். அக்னி தீர்த்தத்தில் பாட்டிகள் பயமில்லாமல் முங்கி எழுவது அதனால்தான்.

"பெண் கடல் சாது மாப்ள" என்றார்.

"அப்டியாங்க?" என்றாள் அக்கா, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே.

அவர் உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு, அதுவும் எல்லா மாசமும் இல்லை என்று திருத்தினார். உண்மையிலேயே படித்திருந்தார் மனுஷன். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது வடகடல் ஆடும், தென்கடல் அடங்கியிருக்கும். வைகாசி தொடங்கி ஆவணிவரை கச்சான், தென்மேற்கிலிருந்து. அப்போது தென்கடல் ஆடும், வடகடல் அடங்கும். இப்போது ஆடி. ஆகவே வடகடல். ஆகவே உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அரியமான் கடற்கரை. கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை. போனோம்.

அரியமானில் சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் இறங்கியதும் மச்சான் முகத்தில் ஒரு பெருமை வந்தது பாருங்கள், ஏதோ அந்தக் கடலை அவரே இஸ்திரி போட்டு விரித்துவைத்த மாதிரி. அலை கணுக்காலைத் தாண்டவில்லை. தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் கடல்தாழை அசைவதுகூடத் தெரிந்தது. முதுகுப் பக்கமிருந்து காற்று மட்டும் சுளீர் சுளீரென்று அடித்தது. கெண்டைக்காலில் மணல் ஊசியாகக் குத்திக்கொண்டே இருந்தது. மச்சான் பம்ப் மிதிக்கக் குனிந்த நேரத்தில் அவர் தொப்பி தலையைவிட்டுக் கிளம்பி, மணலில் இரண்டு குட்டிக்கரணம் அடித்து, தண்ணீரில் விழுந்து, நாங்கள் எழுந்து ஓடுவதற்குள் ஆளுயர ஆழத்துக்குப் போய்விட்டது. அது வேகமாகப் போனதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருத்தரைத் தவிர.

நாட்டுப்படகின் நிழலில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். தொப்பி போன திசையை ஒரு முறை பார்த்தார், படகை ஒரு முறை பார்த்தார், மச்சானை ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, எங்க போறீக?"

"சும்மா இப்டி ஒரு ரவுண்டுங்கய்யா. கடல் அமைதியா இருக்குல்ல."

"கடல் அமைதியாத்தான் இருக்கு. காத்தக் கேட்டீகளா?"

கேட்கவில்லை. அவரே எழுந்து வந்தார். பழைய நைலான் கயிறு ஒன்றை எடுத்துப் படகின் மூக்கு வளையத்தில் கட்டினார். மறுமுனையை மச்சான் கையில் கொடுத்து, ஆள் ஏறாமல் வெறும் படகை முழங்கால் தண்ணீரில் விடச் சொன்னார். விட்டோம். ஒரு நொடி சும்மா நின்றது. அப்புறம் மூக்கைக் கடலுக்குள் திருப்பிக்கொண்டு கிளம்பியது. கயிறு முழுதும் விரைத்து, மச்சான் கால் மணலில் கோடு இழுக்க ஆரம்பித்தது. சந்தைக்கு ஓட்டிப்போகும் கிடா மாதிரி அது இழுக்க, இவர் பின்னால் சாய்ந்து நிற்க, பெரியவர் எந்த அவசரமும் இல்லாமல் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

"இப்ப நீங்க உள்ள இருந்தா இந்தக் கயிறு இருக்காது" என்றார்.

பிறகுதான் விளக்கம். கரையில் அலை இல்லாமல் இருப்பதற்குக் காரணமே காற்று நிலத்திலிருந்து கடலுக்குள் வீசுவதுதான். அலை எழும்பக் காற்றுக்கு ஓட இடம் வேண்டும். கரையோரத்தில் அது இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது. கையை நெற்றியில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வெளியே, நீலம் கறுக்கிற இடத்தில், வெள்ளை வெள்ளையாய் நுரை பூத்துக் கிடந்தது. அங்கே போனபிறகு துடுப்பு போட்டால் எதிர்க்காற்று, கூடவே அலை. போகும்போது பத்து நிமிஷம், திரும்பிவருவது ஆண்டவன் சித்தம்.

போனில் பார்த்தேன். காற்று 17 நாட் காட்டியது, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். புதிதாகத் துடுப்பு பிடிப்பவர் ஊதும் படகில் அமைதியான தண்ணீரிலேயே மணிக்கு நாலு கிலோமீட்டர் போனால் அதிகம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்கள். 15 கிலோ ரப்பர் எம்மாத்திரம்.

"அப்ப இப்டியே போனா எங்கய்யா போய்ச் சேரும்?" என்றார் மச்சான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பெரியவர் வடகிழக்கே கையை நீட்டினார். "கச்சத்தீவுப் பக்கம். ஆனா அந்தோணியார் திருவிழா மாசியில வரும் தம்பி. நீங்க ஆடியில போறீக. பூசை இருக்காது, நேவிதான் இருக்கும்."

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆக, மச்சான் படித்ததில் தப்பில்லை. கச்சானில் வடகடல் அடங்கும் என்பது முழு உண்மை. அது இன்ஜின் வைத்த வள்ளத்துக்குச் சொன்னது. துடுப்பை நம்பிப் போகிறவனுக்கு அலை இரண்டாவது கவலைதான், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது முதல் கவலை. பெரியவர் இதை ஒரே வரியில் முடித்தார்: "முதுகுல அடிச்சா எறங்காத, மூஞ்சியில அடிச்சா எறங்கு." மூஞ்சியிலும் லேசாக அடிக்க வேண்டும், பளார் என்று அடித்தால் அன்றைக்கும் வீட்டுக்குப் போ என்று ஒரு துணைவிதி. அப்புறம், வெளியே போகாதே, கரைக்கு ஒட்டினாற்போல் போ, கவிழ்ந்தால் எழுந்து நிற்கிற ஆழத்தில் போ. காலை ஊன்றும்போது தேய்த்துத் தேய்த்து நட, மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் மதுரையைவிட்டே கிளம்பாதே.

அன்றைக்குப் படகு கயிற்றின் முனையிலேயே மிதந்தது. பிள்ளைகளை உட்காரவைத்து மச்சான் கரையிலிருந்து இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். நல்ல உடற்பயிற்சி. திரும்பும் வழியில் பேச்சில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு வெள்ளைத்தாளில் 1554 என்று கொட்டை எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். கடலோரக் காவல் படையின் அவசர எண். மதுரை வீட்டு ஃபிரிட்ஜில் அது எதற்கு என்று கேட்கும் தைரியம் எங்கள் இருவருக்குமே வரவில்லை.

மறுபடி போனது பங்குனியில். வாடை ஓய்ந்து, கச்சான் இன்னும் தொடங்காத இடைக்காலம். பெரியவருக்கு முதல்நாளே போன் போட்டுக் கேட்டு, விடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். வடக்கிலிருந்து வந்த காற்று முகத்தில் மெல்லப் பட்டது. மச்சான் திரும்பித் திரும்பி நின்று அது மூஞ்சிதானா என்று உறுதி செய்துகொண்டார். ஏறி உட்கார்ந்து துடுப்பைப் போட்டார். படகு இருந்த இடத்திலேயே வட்டம் அடித்தது. வலது கைக்காரர், ஒரு பக்கம் மட்டும் பலமாய்ப் போடுகிறார். பெரியவர் எவ்வளவோ சொல்லியும் வட்டம் கொஞ்சம் பெரிதானதே தவிர நேராகவில்லை. பிறகு அக்கா ஏறினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, தோசைக்கல்லில் மாவு இழுக்கிற நிதானத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டாள். கரையை ஒட்டி நேராகப் போய், தூரத்து நாட்டுப்படகைச் சுற்றிக்கொண்டு, நேராகத் திரும்பி வந்தாள்.

"எங்க தாயி கத்துக்கிட்டீக?" என்றார் பெரியவர்.

"இவர இருவது வருசமா ஓட்டுறேனே."

இப்போது பெரியவரின் நம்பர் அக்காவின் போனில் இருக்கிறது, மச்சானிடம் இல்லை. போன வாரம் மாடியில் கூழ்வத்தல் போடும் முன்பு அவருக்குப் போன் போட்டு, இன்றைக்குக் காற்று எப்படி என்று கேட்டிருக்கிறாள். அரியமான் காற்றை வைத்து மதுரையில் வத்தல் காயுமா என்று அவரும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ரொம்பப் பொறுப்பாகப் பதில் சொன்னாராம்: "கச்சான் இன்னும் எடுக்கல தாயி. தைரியமாப் போடுங்க. மேல ஒரு துணிய மட்டும் கட்டிருங்க, காக்காய்க்கு நான் பொறுப்பில்ல."