மூன்று எழுத்தில் ஒரு கடவுள்

இன்று காலை, லாவோ ட்சு எழுதியதாகச் சொல்லப்படும் பழைய சீனத் தத்துவ நூலான தாவோ தே ஜிங்கின் 14-ஆம் அத்தியாயத்தை மறுபடி படித்தேன். பார்த்தால் தெரியாதது ‘இ’, கேட்டால் காதில் விழாதது ‘ஹி’, பிடித்தால் சிக்காதது ‘வெய்’ என்று தாவோவை, அதாவது எல்லாவற்றுக்கும் மூலமான ‘வழி’யைச் சொல்லும் இடம்.

1823-இல் பாரிஸில் அபெல் ரெமுசா இந்த மூன்றையும் சேர்த்து வாசித்தார். இ-ஹி-வெய். யெகோவா! சீனத்தில் இவற்றுக்குப் பொருளே இல்லை, எபிரேயக் கடவுளின் பெயர்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று எழுதினார். சாதாரண ஆள் இல்லை. கொலேஜ் த பிரான்ஸ் என்ற உயர்கல்வி நிறுவனத்தில் 1814-இல் சீன மொழிக்கு இருக்கை தொடங்கியபோது முதல் பேராசிரியர் அவர்தான்.

அதை மறுத்தவர் அவருடைய மாணவரே. 1842-இல் முழு நூலையும் பிரெஞ்சில் கொண்டுவந்த ஸ்தானிஸ்லாஸ் ஜூலியன், சீன உரையாசிரியர்களைத் திறந்து பார்த்தார். நிறமற்றது, ஒலியற்றது, உருவற்றது என்று மூன்று சொல்லுக்கும் அவர்கள் எப்போதோ பொருள் எழுதி வைத்திருந்தார்கள். குரு சொன்னதை விட்டு உரையாசிரியர் பக்கம் நின்ற அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறமும் பலர், லாவோ ட்சுவின் தத்துவம் உயர்வு, தாவோ மதத்தின் கோயில் சடங்கெல்லாம் பிற்காலச் சீரழிவு என்று பிரித்தே பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1960-களில் சீனவியல் ஆய்வாளர் கிறிஸ்தோஃபர் ஸ்கிப்பர் தைவானின் தைனானுக்குப் போய், தாவோ பூசாரிகளிடமே கற்று, தீட்சை பெற்றுத் தானும் பூசாரி ஆனார். அந்தச் சடங்குகளுக்குள் அவர் கண்டது சீரழிவை இல்லை, உயிரோடு இருந்த ஒரு மரபை.