851ஆவது வரிசை

“மாமா, 851ஆவது வரிசைக்கு நான் எங்கே போவேன்? என் அட்டவணையில் இருப்பதே 60 வரிசைதான்!”

அக்காள் மகள் தொலைபேசியில் ‘ஹலோ’ சொல்லும் வழக்கத்தை விட்டுப் பல காலம் ஆகிறது. முதுகலை ஆய்வு செய்கிறாள். பசுமைக்குடிலில் வைத்த உணரி மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்கும். 60 நாள், 24 மணி. ஆக 60 வரிசை, 24 நிரல், மொத்தம் 1,440 கட்டங்கள். அவற்றில் எங்கோ 61.4 டிகிரி என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. செடிகள் வெந்து போயிருக்க வேண்டிய சூடு. அது எந்த நாள், எந்த மணி என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். அவளும் ‘ஆர்’ என்ற புள்ளியியல் கணினி மொழியில், மிகப் பெரிய எண் இருக்கும் இடத்தைச் சொல்லும் ‘விச்.மேக்ஸ்’ கட்டளையைப் போட்டுக் கேட்டிருக்கிறாள். ஆர் சற்றும் தயங்காமல் ‘851’ என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிட்டது.

ஆர் பொய் சொல்லாது, முகவரியும் சொல்லாது. வீடு எங்கே என்று கேட்டால் தெருப்பெயர் சொல்லாமல், ‘ஊரில் 851ஆவது வீடு’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டும் ஆசாமி அது. அணி, அதாவது வரிசையும் நிரலுமான எண் அட்டவணை, அதன் உள்ளத்தில் ஒரே நீளச் சரம். முதல் நிரலை மேலிருந்து கீழாக எண்ணி முடித்து, அடுத்த நிரலின் தலைக்குப் போகும். 14 நிரல்களுக்கு 840 போக மீதம் 11. ஆகவே 15ஆவது நிரல், 11ஆவது வரிசை. இப்படி நிரல் நிரலாக அடுக்குவது ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியின் காலத்துப் பழக்கம். பெல் ஆய்வகத்தில் 1976இல் எழுந்த எஸ் மொழி ஃபோர்ட்ரானின் தோளில் ஏறி நின்றது. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ஆர், எஸ் மொழியின் வாரிசு. அதன் முதல் முழுப் பதிப்பு வெளியானது 2000 பிப்ரவரி 29. பிறந்தநாளைக்கூட எல்லோரையும்போல் வைத்துக்கொள்ளாத மொழியிடம் நேரான பதிலை எதிர்பார்ப்பது நம் பேராசை.

“கணக்குப் போடாமல் அதுவே சொல்லாதா?” என்றாள். சொல்லும், கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். மேலும் விச்.மேக்ஸ் முதலில் கண்ட பெரிய எண்ணோடு நின்றுவிடும். அதே 61.4 இன்னோர் இடத்தில் இருந்தால் அதைப் பற்றி மூச்சு விடாது. அதனால் எல்லா இடங்களையும் வரிசை, நிரல் என்றே சொல்லும்படி ‘விச்’ கட்டளையைத் தொலைபேசியிலேயே சொல்லி எழுதவைத்தேன். ‘எம்’ என்பது அவள் அட்டவணைக்கு வைத்த பெயர்.

“எம், இரண்டு சமக்குறி, மேக்ஸ் எம். பிறகு காற்புள்ளி. அப்புறம் ஏ, ஆர், ஆர், புள்ளி, ஐ, என், டி.”

“புள்ளியா, அடிக்கோடா?”

“புள்ளி. அதற்குப் பிறகு ஒரு சமக்குறி, ட்ரூ. எல்லாம் பெரிய எழுத்து.”

“முன்னால் இரண்டு, இங்கே ஒன்றா? இதில் என்ன ஓரவஞ்சனை?”

சமமா என்று கேட்க இரண்டு, இப்படியே செய் என்று ஆணையிட ஒன்று. கேட்பதற்குத்தான் அதிகம் செலவாகிறது. தட்டினாள். எதிர்முனையில் மௌனம்.

“மாமா, வரிசைக்கு ‘ரோ’, நிரலுக்கு ‘கால்’ என்று தலைப்பு மட்டும் வந்திருக்கிறது. கீழே ஒன்றுமே இல்லை.”

இலக்கணப்படி கேட்ட கேள்விக்கு இலக்கணப்படி ஒரு வெற்றுத் தாள்! காரணத்தை ஊகிக்க நேரமாகவில்லை. இடையிடையே உணரி தூங்கியிருக்கிறது. அந்தக் கட்டங்களில் எண்ணுக்குப் பதில், மதிப்பு தெரியாது என்று பொருள்படும் ‘என்ஏ’. ஒரு மதிப்பு தெரியாவிட்டாலும் அதிகபட்சம் எதுவென்று எனக்கும் தெரியாது என்பது மேக்ஸின் வாதம். நியாயமான வாதம்தான், எரிச்சலாக இருக்கிறது என்பதைத் தவிர. என்ஏக்களை ஒதுக்கிவிடு என்று சொல்லும் ‘என்ஏ.ஆர்எம் = ட்ரூ’வை மேக்ஸுக்குள் சேர்த்ததும் வாயைத் திறந்தது: 11ஆவது வரிசை 15ஆவது நிரல்; 38ஆவது வரிசை 15ஆவது நிரல். ஒன்றல்ல, இரண்டு.

தூங்கிய கட்டங்களையும் பார்த்துவிடுவோம் என்று அவளாகவே ‘எம் இரண்டு சமக்குறி என்ஏ’ போட்டாள். ஒன்றும் சிக்கவில்லை. தெரியாததும் தெரியாததும் சமமா என்று கேட்டால், அதுவும் தெரியாது என்பதுதான் ஆரின் பதில். ‘இஸ்.என்ஏ’ என்று கேட்டால் மட்டும் ஒப்புக்கொள்ளும். மொத்தம் 17.

அடுத்த கேள்வி வேறோர் அணியிலிருந்து வந்தது. மூன்று மணி நேரச் சராசரிகளை 60க்கு 8 என்று தனியே சுருக்கி வைத்திருக்கிறாள். திரையில் 27.33333 கண்ணெதிரே தெரிகிறது. அதையே தட்டித் தேடினால் ‘இன்டிஜர், அடைப்புக்குறிக்குள் பூஜ்யம்’.

“பூஜ்யமாவது இடத்தில் இருக்கிறதாம் மாமா.”

ஆர் 1இலிருந்து எண்ணுகிற மொழி. பூஜ்யமாவது இடம் என்று ஒன்று அதில் கிடையாது. அகப்படவில்லை என்பதைத்தான் அவ்வளவு நாசூக்காகச் சொல்கிறது. திரையில் 7 இலக்கம் காட்டினாலும் உள்ளே மூன்றுகள் இன்னும் சில இலக்கங்களுக்கு நீளும். இவள் தட்டியதோ ஐந்து மூன்றோடு முடிந்துவிடுகிறது. கழித்துப் பார்த்து, வித்தியாசம் 0.001க்குள் இருந்தால் அதுதான் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். உடனே அகப்பட்டது. தசம எண்களிடம் இந்த அளவுக்கு விட்டுக்கொடுக்காமல் காலம் தள்ள முடியாது.

இதற்குள் ஆய்வுக் குறிப்பேட்டைப் புரட்டியதில் 61.4இன் மர்மமும் விலகியது. அந்த இரண்டு நாளும் குடிலைத் துப்புரவு செய்த நாள்கள். உணரியைக் கழற்றி யாரோ வெயிலில் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டார் பேராசிரியர்.

சற்று நேரத்தில் மறுபடியும் மணி அடித்தது.

“இரண்டே இரண்டைத்தான் நீக்கினேன் மாமா. அட்டவணையே காணோம்!”

வரிசை, நிரல் கேட்காமல் வெறும் விச் தந்த 851 போன்ற ஒற்றை எண்களுக்கு முன்னால், ‘இவற்றை நீக்கு’ என்று கழித்தல் குறியைப் போட்டிருக்கிறாள். இரண்டு கட்டம் போனால் மிச்சம் 1,438. அதைச் செவ்வகமாக எப்படி நிறுத்துவது? ஆர் அந்தக் கவலையே படாமல் வரிசையையும் நிரலையும் கலைத்து, எல்லாவற்றையும் ஒரே சரமாகக் கொட்டிவிட்டது. நல்லவேளை, மூலக்கோப்பு பத்திரமாக இருந்தது. திரும்பப் படிக்கவைத்து, அந்த இரண்டு இடங்களிலும் என்ஏ எழுதச் சொன்னேன். வரிசையும் நிரலுமாக விச் கொடுத்த விடையை அப்படியே சதுர அடைப்புக்குள் போட்டால் போதும். இந்த ஒரு விஷயத்தில் ஆர் மறுபேச்சுப் பேசாது.

பேசவும் இல்லை. இப்போது இஸ்.என்ஏ 19 என்கிறது. முதலில் 17 என்று எழுதிக் கொடுத்தது இப்போது எப்படி 19 ஆயிற்று என்று பேராசிரியர் கேட்கிறாராம். அதை அவளே விளக்கட்டும். நான் தொலைபேசியை சார்ஜில் போட்டுவிட்டு வேறு அறைக்கு வந்துவிட்டேன்.