பிஎச்டி பண்ணா காசு அவங்க குடுப்பாங்க

எம்எஸ்சி முடிச்ச பசங்க பிஎச்டிக்கு ஃபீஸ் எவ்ளோ ஆகும்னுதான் மொதல்ல கேக்குறாங்க, யப்பா, சிஎஸ்ஐஆர் (மத்திய அரசோட அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு) நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப்ங்குற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குனா மாசம் 37,000 உனக்கு அவங்க குடுப்பாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு ரிவ்யூல தேறி எஸ்ஆர்எஃப், அதாவது சீனியர் ஆனா 42,000, ஹாஸ்டல் தரலன்னா வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரிக்கு முன்னாடி இதே 31,000, 35,000தான்.

இன்ஜினியரிங் ஆளுங்களுக்கு கேட் (GATE) தேர்வு ஸ்கோர், அத வச்சு ஐஐடி, என்ஐடில அப்ளை பண்ணி இன்டர்வியூ போகணும்.

ஐஐடின்னாதான் பிஎச்டின்னு நெனச்சுட்டு பக்கத்துல இருக்குறத விட்டுடுறாங்க. பேட்டரி, துருப்பிடிக்கிறது இதுல ஆர்வம்னா காரைக்குடி சிக்ரி இருக்கு, தோல்னா அடையாறு சிஎல்ஆர்ஐ, கட்டடம் பாலம்னா தரமணி எஸ்இஆர்சி, மூணும் சிஎஸ்ஐஆர் லேப்தான், அக்சிர்ங்குற (AcSIR) சிஎஸ்ஐஆர் லேப்களுக்கான யுனிவர்சிட்டி மூலமா அங்கயே பிஎச்டி ரெஜிஸ்டர் பண்ணலாம்.

ஒண்ணு சொல்லிடுறேன், அந்தப் பணம் டான்னு ஒண்ணாந்தேதி வரும்னு நம்பி இஎம்ஐ எதுவும் போட்டுடாதீங்க (சில சமயம் மாசக்கணக்குல இழுக்கும்). அப்புறம் சேர்றதுக்கு முன்னாடி அந்த கைடுகிட்ட இப்ப இருக்குற ஸ்டூடண்ட்ஸ்ட்ட தனியா பேசுங்க, கேன்டீன்ல வச்சு கேட்டா உண்மைய சொல்லிடுவாங்க.