மெயினுக்கு முன்பே நின்றுபோன நிரல்

எங்கள் தரவுப் பதிவுக் கருவிக்கு, 2014இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின், கருவிகளுக்குள் பொருத்தும் வடிவமான முதல் கம்ப்யூட் மாட்யூலைத் தேர்ந்தெடுத்திருந்தோம். அதிலுள்ள பிசிஎம்2835 சிப்பின் மையச் செயலி ஆர்ம்1176, அதாவது ஆர்ம்வி6 தலைமுறையைச் சேர்ந்தது. 512 எம்பி நினைவகம் கொண்ட போர்டிலேயே சி++ நிரலைத் தொகுக்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும் என்பதால், மேசைக் கணினியின் லினக்ஸில் ஆயத்தமாகக் கிடைத்த கிராஸ் கம்பைலர் (ஒரு கணினியில் இருந்துகொண்டு வேறு வகைச் செயலிக்குத் தொகுக்கும் கருவி) ஒன்றை நிறுவி, செயலி, மிதவைப்புள்ளி அலகு, கட்டளை வடிவம் மூன்றையும் தெளிவாகக் குறிப்பிட்டுத் தொகுத்தோம். எச்சரிக்கை ஒன்றுகூட வரவில்லை. ஆனால் போர்டில் ஓட்டியதும், ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ (செயலி அறியாத கட்டளை) என்ற ஒற்றை வரியோடு நிரல் நின்றுவிட்டது.

இரண்டு நாள் எங்கள் நிரலுக்குள்ளேயே தவற்றைத் தேடினேன். நம் நிரல் தொடங்கும் மெயின் பகுதியின் முதல் வரியில் வைத்த பிரின்ட்எஃப் கூட எதையும் அச்சிடாதபோதுதான் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியில் பார்த்தால், நின்ற இடம் மெயினுக்கு முன்னால் ஓடும் ‘ஸ்டார்ட்’ பகுதி. நாங்கள் தொகுத்த, இன்னும் இணைக்கப்படாத ஆப்ஜெக்ட் கோப்பை, பைனரிக் கோப்பின் விவரங்களைக் காட்டும் ரீட்எல்ஃப் கொண்டு பார்த்தேன். செயலி வகை வி6 என்றது. இணைப்பு முடிந்த பைனரியைப் பார்த்தேன், அடுத்த தலைமுறையான வி7 என்றது. நாம் கொடுக்கும் தேர்வுகள் நாம் தொகுக்கும் நிரலை மட்டுமே கட்டுப்படுத்தும். தொடக்கக் கோப்புகளும் கம்பைலரின் துணை லைப்ரரியான லிப்ஜிசிசியும் சி லைப்ரரியும் கம்பைலரைக் கட்டியவர் எந்தச் செயலியை மனத்தில் வைத்தாரோ அதற்கென்று முன்பே தொகுக்கப்பட்டவை. அவற்றில் இருந்த தம்ப்-2 என்ற வடிவக் கட்டளைகளை எங்கள் செயலி அறியாது. டெபியன் லினக்ஸின் ஹார்டுஃப்ளோட் (மிதவைப்புள்ளி அலகை நேரடியாகப் பயன்படுத்தும்) பதிப்பு ஆர்ம்வி7ஐ அடிப்படையாகக் கொண்டதால்தான், 2012இல் ராஸ்பெர்ரி பைக்கான ராஸ்பியன் இயங்குதளக் குழுவினர் அதன் தொகுப்புகளை ஆர்ம்வி6க்காக மீண்டும் தொகுத்தார்கள். அந்தச் செய்தியை முன்பே படித்திருந்தேன். அதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

ஆகவே கம்பைலர், லிங்கர், லைப்ரரிகள் அடங்கிய டூல்செயினை நாங்களே கட்டினோம். இதில் மனத்தை ஈர்ப்பது அதன் சுழற்சிதான்: முழுமையான ஜிசிசி கம்பைலருக்கு இலக்குச் செயலிக்கான சி லைப்ரரி வேண்டும், அந்த லைப்ரரியைத் தொகுக்க ஜிசிசி வேண்டும். முதலில் அசெம்ப்ளரும் லிங்கரும் அடங்கிய பின்யூட்டில்ஸ். அடுத்து, லைப்ரரியின் அறிவிப்புக் கோப்பான ஹெடர் எதுவும் இல்லாமல் சி மொழியை மட்டும் அறிந்த ஒரு குறை கம்பைலர். பிறகு கெர்னல் ஹெடர்கள், சி லைப்ரரியான ஜிலிப்சியின் தொடக்கக் கோப்புகள், லிப்ஜிசிசி, முழு ஜிலிப்சி. கடைசியாக சி++ தெரிந்த முழு ஜிசிசி. கட்டும்போதே இயல்புநிலை ஆர்ம்வி6 என்று சொல்லிவிட்டதால், ஒவ்வொரு துண்டும் அதற்கேற்பவே பிறந்தது. கிராஸ்டூல்-என்ஜி என்ற கருவி இத்தனையையும் ஒரே கட்டளையில் முடித்துத் தரும்; இருந்தாலும் ஒருமுறையாவது கையால் கட்டிப் பார்க்கவேண்டும் என்றே புதியவர்களிடம் வற்புறுத்துகிறேன், ஏனென்றால் எந்தப் பிழை எந்தப் படியிலிருந்து வருகிறது என்ற தெளிவு அப்போதுதான் கிடைக்கிறது.

பதிப்புத் தேர்விலும் கவனம் வேண்டியிருந்தது. போர்டில் ராஸ்பியன் ஜெஸ்ஸி ஓடியது. அதன் ஜிலிப்சி 2.19. அதைவிடப் புதியதை வைத்து இணைத்த நிரலை, தேவையான பதிப்பு இல்லை என்று போர்டு ஓட்ட மறுக்கக்கூடும் என்பதால், புதியதன்மீது இருந்த ஆசையை விட்டு அதே 2.19ஐக் கட்டினோம். வெளி லைப்ரரிகளைச் சேர்க்கும்போது, கட்டுமுன் அமைப்பைச் சரிபார்க்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் மேசைக் கணினியின் ஹெடர்களை எடுத்துக்கொள்ளாமல் இலக்குப் போர்டுக்கான ஹெடர்களும் லைப்ரரிகளும் உள்ள சிஸ்ரூட் கோப்புறைக்குள் மட்டுமே தேடும்படி பார்த்துக்கொண்டதும் அப்படியொரு வேலைதான்.

மூலப் பொதிகள், பேட்சுகள், கட்டும் ஸ்கிரிப்ட் அனைத்தையும் இன்றும் நிரலோடு சேர்த்தே காக்கிறோம். வெளியீட்டு ஸ்கிரிப்டில் ஒரு சோதனையும் சேர்த்திருக்கிறேன்: ரீட்எல்ஃப் காட்டும் செயலி வகை வி6ஐத் தாண்டினால் வெளியீடு நின்றுவிடும். பல மாதங்கள் கழித்து, சென்சார் விற்பனையாளர் ஒருவர் கொடுத்த ஆயத்த ஸ்டாட்டிக் லைப்ரரியைப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இணைத்த அன்று அந்தச் சோதனை வெளியீட்டை நிறுத்தியது. “என் கோடில் என்ன தப்பு சார்?” என்று அவர் வந்து கேட்டார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, அந்த லைப்ரரியின் கோப்புகளை ஒவ்வொன்றாக ரீட்எல்ஃப் கொண்டு பார்க்கத் தொடங்கினோம்.